கணினிக்குக் கண் கிடையாது

     

இன்றைக்கு நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, "கணினித் தமிழுக்கு முதல் தேவை புதிய சொல்லா, பொதுவான எழுத்தா?" என்பது. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மிக அழகாகப் பேசினார். மென்பொருள், வன்பொருள், மின்னஞ்சல், உலாவி, தேடுபொறி, கடவுச்சொல் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். கேட்கக் கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில், "சொல் இல்லாத மொழி நெல் இல்லாத குதிர்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

ஐயா, குதிரில் நெல் இருக்கு. இல்லைன்னு யார் சொன்னது? ஒரே நெல்லை நாலு மூட்டையில் கட்டி, நாலு மூட்டைக்கும் நாலு பேர் எழுதி வச்சிருக்கோம். பசிக்கிற நேரத்தில் போய்த் தேடினால் ஒரு மூட்டைதான் அகப்படுது. மிச்சம் மூணு மூட்டை எங்கேன்னு தெரியலை. இதுதான் எங்கள் அணியின் கவலை.

முதலில் சொல்லுக்கே வருகிறேன். தமிழன் சொல் செய்யத் தெரியாமல் என்றைக்காவது தடுமாறியிருக்கிறானா? வரலாற்றைப் பாருங்கள். 1847-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு சாமுவேல் கிரீன் என்று ஒரு மருத்துவர் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் படித்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் பட்டியல்கள் போட்டார். உடம்புக்குள் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அன்றைக்கே தமிழில் பேர் வைத்தாகிவிட்டது. 1916-இல் ராஜாஜி அவர்கள் நண்பர்களோடு சேர்ந்து, அறிவியல் சொற்களைத் தமிழாக்குவதற்கென்றே சேலத்தில் ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆக, சொல் செய்கிற பட்டறை நம்ம ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பற்றவைத்த அடுப்பு அணையாமல் நடந்துகொண்டிருக்கிறது.

சொல் செய்யாத நேரத்தில் என்ன செய்தோம்? வந்த சொல்லை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தோம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை. நாலும் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியவை. இன்றைக்கு உங்கள் பாட்டியிடம் போய், "பாட்டி, சாவி தமிழ்ச் சொல் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். "முதல்ல சாவியை எங்கே வச்சேன்னு தேடிக் குடு, அப்புறம் தமிழ் பேசலாம்" என்பார். (சிரிப்பு) தொல்காப்பியரே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலாகப் பிரித்தார். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் பந்தியில் இலை போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் எங்கள் அணிக்கு வருகிறார். வடசொல் வரலாம், ஆனால் வடவெழுத்தை வாசலில் விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்றார். சொல் எந்த ஊர் என்று கேட்டு அவர் கதவைச் சாத்தவில்லை. எப்படி எழுதுவாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு நாங்கள் கேட்கிறோம்.

இந்தப் பிரச்சினை தமிழனுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கணினி பிறந்தபோது இங்கிலீஷ்காரனிடமே அதற்குச் சொல் இல்லை. கம்ப்யூட்டர் என்றால் முந்நூறு ஆண்டுகளாக அவர்கள் மொழியில் கணக்குப் போடுகிற ஆளுக்குப் பேர். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்களைக் கம்ப்யூட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் போனார், இயந்திரம் வந்தது, பேர் அப்படியே அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, இந்த இயந்திரத்துக்கு நல்லதாக ஒரு பேர் வையுங்கள் என்று ழாக் பெரே என்கிற லத்தீன் பேராசிரியரைக் கேட்டது. அவர் ஓர்தினாதர் என்ற பழைய சொல்லை எடுத்துக் கொடுத்தார். உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளுக்கு வழங்கிய சொல் அது. கணக்குப் போடுகிற பெட்டிக்குக் கடவுள் பேர்! ஐஸ்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எண்ணுக்கு அவர்கள் மொழியில் தாலா. குறி சொல்லும் பெண்ணுக்கு வொல்வா. இரண்டையும் இணைத்து 1960-களில் சிகுர்தூர் நோர்தால் என்கிற அறிஞர் தொல்வா என்று பேர் வைத்தார். எண்களை வைத்துக் குறி சொல்கிற அம்மா! சீனாக்காரர்கள் மின்மூளை என்று வைத்துக்கொண்டார்கள். நம்ம வீட்டில் சில பேருக்கு மின்சாரம் இல்லாவிட்டால் மூளையே ஓடாது, அதனால் அதுவும் பொருத்தம்தான். (சிரிப்பு)

இவர்களெல்லாம் எப்படிப்பட்ட சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இங்கே முக்கியம் இல்லை. ஒரு சொல்லை எடுத்தார்கள், நாடே அந்த ஒன்றையே எழுதியது. அதுதான் விஷயம். நம்ம நிலைமையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்கிறோம், கணிப்பொறி என்கிறோம், கணினி என்கிறோம். இலங்கைத் தமிழர் கணனி என்று எழுதிப் பழகினார்கள். நம் தமிழ்நாட்டு மேனிலைப் பாடநூலிலேயே கணிப்பொறி என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. 2018-இல் புதிய பாடநூல் வந்தபோது கணினி அறிவியல் ஆயிற்று. ஒரே வீட்டில் அக்காள் படித்தது கணிப்பொறி, தம்பி படிக்கிறது கணினி. அக்காள் குறிப்பெடுத்து வைத்ததைத் தம்பி தேடினால் கிடைக்குமா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், கடல் தாண்டி இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் நம்ம பிள்ளையும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

எதிரணி நண்பர் உடனே கேட்பார், "இது சொல் பிரச்சினைதானே, எழுத்து எங்கே வந்தது?" என்று. வருகிறேன். ஆங்கிலத்திலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். கணினிக்குள் இருக்கிற ஆகச் சிறிய அளவுக்கு பிட் என்று பேர். ஆம், இல்லை என்கிற இரண்டில் ஒன்று. இந்த பிட்டுகள் சில சேர்ந்த கட்டுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த வெர்னர் புக்கோல்ட்ஸ் என்பவர் பைட் என்று பேர் வைத்தார். ஒரு வாய், ஒரு கடி என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் கடிக்கு எழுதுகிற மாதிரி பி, ஐ, டி, ஈ என்று எழுதினால், அச்சுப் பிழையில் கடைசி ஈ பறந்துபோனால் என்ன ஆகும்? பைட், பிட் ஆகிவிடும்! இன்றைய கணக்கில் எட்டு இருக்கிற இடத்தில் ஒன்றுதான் நிற்கும். அதனால் அவர் நடுவில் இருந்த ஐ என்ற எழுத்தைத் தூக்கிவிட்டு ஒய் என்ற எழுத்தைப் போட்டார். பாருங்கள் ஐயா! சொல் பிறக்கும்போதே, இதை யாராவது தப்பாக எழுதிவிடுவார்களே என்று யோசித்து எழுத்தை மாற்றியவன் அவன். பிள்ளை பிறந்த அன்றைக்கே அதன் சான்றிதழில் பேர் எப்படி எழுதவேண்டும் என்று முடிவு கட்டின தகப்பன். நாமோ பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டு, மாமா ஒரு மாதிரி எழுதட்டும், சித்தப்பா ஒரு மாதிரி எழுதட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

எதிரணித் தலைவர் பெருமையோடு சொன்ன சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். மின்னஞ்சல். அருமையான சொல். மின், அஞ்சல், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகவேண்டும்? கண்ணும் ஆடியும் சேர்ந்தால் கண்ணாடி. தனிக்குறிலுக்குப் பின்னால் நிற்கிற மெய், அடுத்து உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நம் இலக்கணம். அப்படியானால் மின்னஞ்சல்தான் சரி. ஆனால் கடைப் பலகையில், அழைப்பிதழில், விண்ணப்பப் படிவத்தில் எப்படி இருக்கிறது? மின் அஞ்சல் என்று இடைவெளி விட்டு ஒருவர், மின்அஞ்சல் என்று ஒட்டி ஒருவர், மின்னஞ்சல் என்று இன்னொருவர். சரி, அடுத்த சொல். இணையமும் தளமும் சேர்ந்தால்? குளமும் கரையும் சேர்ந்தால் குளக்கரை. மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை. மகரம் போய் வல்லினம் மிகும். அதனால் இணையத்தளம். ஆனால் நாட்டில் பெரும்பாலும் இணையதளம் என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு 'த்' போச்சு. "ஒரு ஒற்றுதானே சார், போனால் போகட்டும்" என்கிறீர்களா? கையெழுத்துக் காலத்தில் போகட்டும் என்று விட்டுவிடலாம். படிக்கிறவர் மனிதர். மன்னித்துப் படித்துக்கொள்வார். கணினி மன்னிக்குமா?

தமிழ்ச் சொல்லை விடுங்கள், கடன் வாங்கிய சொல்லிலாவது ஒற்றுமை உண்டா? சாப்ட்வேர். இதைச் சகரம் போட்டு எழுதலாம், ஸகரம் போட்டும் எழுதலாம். பகரத்துக்கு முன்னால் ஆய்த எழுத்து வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். டகரத்துக்குப் புள்ளி வைக்கலாம், டு என்றும் எழுதலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு, நாலு, எட்டு. ஒரே சொல்லுக்கு எட்டு வேடம்! சாப்ட்வேரில் மாறாமல் இருப்பது கடைசியில் இருக்கிற வேர் மட்டும்தான். (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது வரலாற்றில் எழுத்தின் கதைக்கு வருகிறேன். ஓலைச்சுவடிக் காலத்தில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே ஒரு புள்ளி வைக்கவேண்டும். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் புள்ளியை விட்டுவிட்டார்கள். அப்போது எரி என்பதும் ஏரி என்பதும் ஒரே மாதிரி தெரியும். "அவன் ஏரியில் இறங்கினான்" என்று புலவர் எழுதியிருப்பார். படிக்கிறவர் எரியில் இறங்கினான் என்று படித்தால் கதாநாயகன் அந்த வரியோடு முடிந்தான்! இடம் பார்த்து, பொருள் பார்த்து, குரு சொல்லிக்கொடுத்ததை நினைத்து, அவர்கள் சமாளித்தார்கள். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான பிறகு தமிழுக்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. அச்சுக் காலத்தில் பக்கத்தில் குரு உட்கார்ந்திருக்க மாட்டார். ஆகவே எழுத்து தானே பேசவேண்டும். நெடில் ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி வடிவம் தந்த பெருமையை வீரமாமுனிவருக்குத் தருவது நம் மரபு. இத்தாலியிலிருந்து வந்த அந்த மனிதர் 1732-இல் சதுரகராதி செய்தார். அகராதி செய்கிறவனுக்குத்தான் தெரியும், எழுத்து குழம்பினால் சொல் எந்த வரிசையில் நிற்கும் என்பதே தெரியாது என்று.

அடுத்த கருவி, தட்டச்சு. அதோடு ஈய எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோக்கிற அச்சகம். ணா, றா, னா எல்லாம் சுழித்துச் சுழித்து எழுதிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லை, ளை, ணை, னை நாலுக்கும் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். பெரியார் 1935-இலேயே தம்முடைய குடி அரசு இதழில் சீர்திருத்திய வடிவத்தை அச்சிட்டார். எத்தனை பேர் சிரித்தார்கள்! 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. இன்றைக்கு எந்தக் குழந்தையாவது துதிக்கை லை எங்கே என்று அழுகிறதா? கருவி மாறும்போது எழுத்தை ஒழுங்கு செய்துகொண்ட மொழி பிழைக்கிறது. இதுதான் வரலாறு நமக்குச் சொல்லுகிற பாடம்.

மூன்றாவது கருவி கணினி. இதன் கதை இன்னும் சுவையானது. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்கிற தமிழாசிரியர், எழுத்தாளர், இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டினார். தம்முடைய மென்பொருளுக்குக் கணியன் என்று பேர் வைத்தார். கணியன் பூங்குன்றனார் நினைவு வருகிறதா? 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. அந்த நாளில் நிலைமை என்ன? ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொரு எழுத்துருவில் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். அம்மா என்று அடித்தது அடுத்த வீட்டுக் கணினியில் அரபியும் கிரேக்கமும் கலந்த மாதிரி தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு கூடியது. தமிழ்99 என்கிற விசைப்பலகையும், எழுத்துகளுக்கான பொது எண் முறையும் அங்கேதான் முடிவாயின. சொல்லுக்காகக் கூடின மாநாடு இல்லை ஐயா அது. எந்த எழுத்துக்கு எந்த எண், எந்த விசை என்று முடிவு செய்யக் கூடிய மாநாடு!

உலகம் முழுவதற்கும் பொதுவாக யூனிகோடு என்று ஒரு பட்டியல் 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழும் இடம் பெற்றது, மகிழ்ச்சி. ஆனால் அங்கே நம்ம பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற பேரைக் கேளுங்கள். ளகரத்துக்கு இரண்டு எல் போட்டு ஒரு ஏ. சரி. நம்ம சிறப்பு ழகரத்துக்கு? மூன்று எல் போட்டு ஒரு ஏ! தமிழ் என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு உலகப் பட்டியலில் இருக்கிற பேர் மூணு எல்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் அதை மாற்ற முடியாது. ஒரு தடவை பதிந்த பேரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது என்று நாம் திண்ணைப் பள்ளியில் படித்தோம். அந்தப் பட்டியலில் தலைகீழ். க தான் மூலம், அதன் தலையில் புள்ளி வைத்தால் க். வரிசையும் வேறு. நம் நெடுங்கணக்கில் கடைசியில் நிற்கிற னகரம் அங்கே நகரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று அரசாணை போட்டது. அதனால் இன்றைக்கு நம் கைப்பேசியில் தமிழ் ஓடுகிறது, நன்றி சொல்லவேண்டும். ஆனால் எழுத்து விஷயத்தில் முதல் நாளே கவனமாக இருக்கவேண்டும் என்பதற்கு அந்த மூணு எல் காலத்துக்கும் சாட்சி.

இனி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கதைக்கே வருகிறேன். தாத்தா பேர் பட்டாவில் இராமசாமி. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் தெரிந்த கணக்குப்பிள்ளை இகரம் சேர்த்து எழுதியிருக்கிறார். ரேஷன் கார்டில் ராமசாமி. ஆதாரில் இன்னொரு விதம். நோட்டுப் புத்தகத்தில் தேடினால் எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இவர்தானே அவர்" என்று கண்டுபிடித்துவிடுவார். கணினிப் பட்டியலில் ஒருவர் இகரத்தில் நிற்பார், ஒருவர் ரகரத்தில் நிற்பார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க மூன்றாவதாக ஒரு சான்றிதழுக்கு அலையவேண்டும். பெரிய தேடுபொறிகள் ஓரளவு ஊகித்துக் கொடுக்கும். அலுவலகப் பட்டியலும் நூலகப் பட்டியலும் அப்படி ஊகித்துக்கொண்டு இருக்காது.

இன்னொன்று சொல்கிறேன். இதைக் கேட்டபிறகு நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். என் வகுப்பில் கண்பார்வை இல்லாத மாணவர் ஒருவர் படித்தார். கணினி எழுத்தைப் படித்துக் குரலாகச் சொல்லும். அவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்பார். எல்லோரையும் விட நன்றாகப் படிப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, ஒளவையார் என்று ஒரு புலவர் இருக்கிறாரா? ஔவையாருக்கு உறவா?" என்று கேட்டார். ஒ, ள, வை, யார் என்று நாலாகப் பிரித்து உச்சரித்தார். எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு ஔவையார் என்றுதான் தெரிந்தது. ஆனால் அடித்தவர் ஔ என்ற ஓர் எழுத்தை அடிக்கவில்லை. ஒகரத்தை அடித்து, பக்கத்தில் ளகரத்தை அடித்திருக்கிறார். கண்ணுள்ளவனுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்குக் கண் கிடையாது ஐயா! அதற்கு எழுத்து என்பது ஓர் எண். ஒகரத்துக்கு ஓர் எண், ளகரத்துக்கு ஓர் எண். அது ஒளவையார் என்றுதான் படிக்கும். கணினியை நம்பிப் படிக்கிற அந்தப் பிள்ளைக்கு நாம் தமிழ்ப் பாட்டியின் பேரையே தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

அது ஒன்றுதானா? தமிழ் எண்ணில் ஏழு எப்படி இருக்கும் தெரியுமா? எகரம் மாதிரியே இருக்கும். விசைப்பலகையில் தேடி, எகரம் என்று நினைத்து ஏழை அடித்துவிடுகிறார்கள். நாம் எங்கள் ஊர் என்று படிப்போம். கணினி ஏழு என்று தொடங்கும். பழைய எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பைக் கொடுத்தால் அது ஆங்கில எழுத்துகளைத்தான் கத்தும். அந்த மாணவருக்கு நீங்கள் எத்தனை புதிய சொல் செய்து கொடுத்தாலும், எழுத்து தப்பாக இருந்தால் அந்தச் சொல் அவர் காதுக்குப் போய்ச் சேருமா? எதிரணி நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். (கைதட்டல்)

நான் புதிய சொல்லுக்கு எதிரி அல்ல. மென்பொருள் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். மென்மை, பொருள். கையில் பிடித்தால் இருப்பது வன்பொருள். உள்ளே இருந்து ஓட்டுவது மென்பொருள். கேட்டவுடன் புரிகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை 1958-இல் ஒரு கணித இதழில் ஜான் டூக்கி என்ற அறிஞர் எழுதினார். அதன் தமிழ் இன்றைக்கு நம் பேத்தி வாயில் சரளமாக வருகிறது. ஏன் தெரியுமா? மென்பொருள் என்ற சொல்லை எல்லோரும் ஒரே மாதிரி எழுதினோம். பிழைத்துக்கொண்டது. ஒரே மாதிரி எழுதாத சொற்கள் எல்லாம் இன்னும் நடுத்தெருவில் நிற்கின்றன. ஆக, எதிரணி பெருமைப்படுகிற சொல்லே எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறது.

அதனால் நடுவர் அவர்களுக்கு மூன்று விண்ணப்பம். ஒன்று, பாடநூலும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்து என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அதையே எழுதவேண்டும். இணையத்தளம் என்றால் எங்கும் இணையத்தளம். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நாலு இடத்துத் தமிழரும் உட்கார்ந்து பேசி வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு, கடன் சொல்லை எழுதுவதற்கு ஒரு விதி வேண்டும். ஆய்தம் வைப்பதா, வேண்டாமா? ஏதாவது ஒன்று. சண்டை போட்டாவது முடிவு செய்யுங்கள், முடிவு செய்தபின் சண்டை போடாதீர்கள். மூன்று, பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குக் கையெழுத்துக் கற்றுக்கொடுக்கிற மாதிரி, விசைப்பலகையில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுக்கவேண்டும். ஔ எங்கே இருக்கிறது, அதை எப்படி அடிக்கவேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் பேர் வைக்கிறீர்கள். பேர் வைத்தவுடன் கடமை முடிந்ததா? அந்தப் பேரைப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சேர்க்கிறீர்கள். ஓர் எழுத்து பிசகினாலும் தலைமையாசிரியரிடம் போய் நின்று திருத்தி வாங்குகிறீர்கள். ஏன்? நாளைக்கு அந்தப் பிள்ளையின் வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் அந்த எழுத்தில்தான் நிற்கப்போகிறது. தமிழ்ச் சொல்லும் நம் வீட்டுப் பிள்ளைதான். பேர் வைக்க ஆயிரம் பேர் இருக்கிறோம். எழுத்தைத் திருத்தி வாங்கப் போய் நிற்க ஆள்தான் குறைவு. அந்த வரிசையில் நாம் எல்லோரும் நிற்போம் என்று கேட்டு, பொதுவான எழுத்தே முதல் தேவை என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.